தூதர் பாய்

எங்கள் கோயிலில் யாருமே உட்காராத ஒரு பாய் இருந்தது. அதில் தேவதூதர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவள் நான். நம்பியது மட்டுமா, முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். நான் கணக்கு டீச்சர்! சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பாதையில், கரிசல் காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். எங்கள் பக்கத்துப் பழைய வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கோயில் என்றுதான் சொல்வோம். போதகரை ஐயர் என்போம். கூட்டிப் பெருக்கி மணியடிக்கிறவரைக் கோயில்குட்டி என்போம். கோயிலுக்கு இன்றைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, ஏழாயிரம்பண்ணை ரோட்டில் நிலம் இருக்கிறது. அந்தப் பள்ளியில்தான் படித்தேன், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். நான் சாப்பிட்ட சோறு அவ்வளவும் கோயில் போட்டது.

அந்தப் பாய் பனையோலைப் பாய். பத்துப் பேர் நெருங்கி உட்காரலாம். நிறம் கருப்பட்டி நிறமாகக் கறுத்துப்போயிருக்கும். எத்தனை காலத்துப் பாய் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஓலைப்பாய் இத்தனை வருஷம் தாங்குமா என்று கேட்டால், அதுதானே அதிசயம் என்பார்கள். கடைசி பெஞ்சுக்கும் பின்னால், வடக்கு வாசல் பக்கத்து மூலையில், சனிக்கிழமை பெருக்கி முடித்ததும் கோயில்குட்டி அதை விரிப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுருட்டி எடுத்து வைப்பார். அவருக்கு முந்தின கோயில்குட்டி அப்படித்தான் செய்தார், அதற்கு முந்தினவரும் அப்படித்தான்.

கோயில் எள் விழ இடமில்லாமல் நிரம்புகிற கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அதில் ஒரு கால் படாது. வெளியே வெயிலில் நிற்பார்களே தவிர, அதில் உட்கார மாட்டார்கள். பெண்கள் குனிந்து தொட்டு விரலுக்கு முத்தம் கொடுப்பார்கள், முத்திக்கொள்வது என்போம். தீராத நோய் என்றால் ஐயர் ஜெபம் செய்து, ஓரத்திலிருந்து ஒரு ஓலையைப் பிய்த்துக் கொடுப்பார். அதை நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவோம். சபையாருக்கு மட்டும்தான், வெளியாளுக்குக் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் நான் அழுதுகொண்டிருந்தபோது எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மறு வருஷம் மகன் பிறந்தான். பிறகு எப்படி நம்பாமல் இருப்பது, சொல்லுங்கள்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாயில் தடம் இருந்தது.

முதலில் பார்த்தது கோயில்குட்டி. மணியடிக்க மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கறுத்த ஓலையின் மேல் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்குத் தேய்ப்பு. அதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகள். ஐந்தும் ஐந்தும் பத்து விரல், ரேகை உட்பட. ஜன்னல் வெயில் பட்டபோது அது மீன் செதில் மாதிரி பளபளத்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு ரிட்டையர்டு நர்ஸம்மா அப்படியே முழங்காலில் விழுந்து ஓவென்று அழுதார்கள்.

அடுத்த ஞாயிறும் புதிதாகப் பூசிய மாதிரி இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். அதே இடம், அதே அளவுக் கை. கோயில்குட்டி துடைக்கவில்லை, துடைக்க அவருக்குக் கை வரவில்லை. ஊர் முழுக்க இதே பேச்சு. விருதுநகரிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். பெண்கள் சங்கத்தில் உபவாசக் கூட்டம் வைத்தோம். பாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒருநாள் பண்டிகை எடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கமிட்டிச் செயலாளர் என் கூடப்பிறந்த அண்ணன்தான். அவர் மட்டும் அந்தப் பாயைக் கிட்டப்போய்ப் பார்க்கவே இல்லை. பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வெள்ளி நிறத்தை நாங்கள் பார்த்ததே இல்லையா? தினமும் காலையும் மாலையும் பார்க்கிறோம். பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடர் அள்ளுகிறவர்கள் வேனிலிருந்து இறங்கும்போது முடி, முகம், கை, கால் எல்லாம் அந்த நிறத்தில்தான் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சேலையில் ஒட்டிவிடும் என்று தள்ளி உட்காருகிறவள் நான். இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் சபையில் எல்லோரும் டீச்சர்கள், நர்ஸுகள், பேங்க்காரர்கள். கம்பெனிக்குப் போகிற ஒருத்தி எங்கள் கோயிலுக்குள் வந்து உட்காருவாள் என்று நினைப்பதைவிட, வானத்திலிருந்து தூதர் இறங்கி வருவார் என்று நினைப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை தோறும் மறுநாள் பாட்டுகளின் நம்பரைப் பலகையில் மாட்டுவது என் வேலை. வழக்கமாக ஐந்தரை மணிக்குப் போவேன், அந்த நேரம் பின்மூலை இருட்டிக் கிடக்கும். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டியிருந்ததால் மூன்றரைக்கே போய்விட்டேன். கோயில்குட்டி பாயை விரித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். வெளியே தீயாக வெயில். உள்ளே ஆள் இல்லாத கோயிலுக்கே உரிய அந்தக் குளுமை. வௌவால் புழுக்கை வாசனை. நான் முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று நம்பர் அட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தேன். முதுகு பாயைப் பார்த்து இருந்தது.

யாரோ முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. சொல் விளங்கவில்லை. மூச்சு மட்டும் ஏறி ஏறி இறங்குகிற மாதிரி. முதலில் புறா என்று நினைத்தேன். பிறகு அது என் பின்னால், தரைமட்டத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. திரும்பு, திரும்பு என்று மனசு சொல்கிறது, கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. கையிலிருந்த அட்டை நழுவிக் கீழே விழுந்தது. முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

திரும்பினேன். வடக்கு வாசல் திறந்திருந்தது. வெயில் சாய்வாக உள்ளே விழுந்த இடத்தில், பாயின் மேல், வெள்ளியால் செய்து வைத்த மாதிரி ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. முகம் வெள்ளி. கை வெள்ளி. கண் மட்டும் கறுப்பாக என்னைப் பார்த்தது. ஆண்டவரே, பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உருவம் இருமியது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது.

"பயந்துட்டீகளா டீச்சர்? உள்ள ஆளு இருக்கது தெரியாமப் போச்சு. இந்தா எந்திரிச்சிருதேன்."

பயம் போன இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "யாரும்மா நீ? அதுல யாரும் உக்காரக் கூடாது, தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியும் டீச்சர்," என்றாள் சாதாரணமாக. "எங்களத் தவிர யாரும் உக்கார மாட்டாகன்னு எங்கம்மா சொல்லியிருக்கு."

நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். தாயில்பட்டிப் பக்கத்தில் கம்பெனி வேலை. சனிக்கிழமை சம்பளம் போட்டு வேன் சீக்கிரம் இறக்கிவிடும், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும், அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவேன் என்றாள். நான் பாட்டுக்கு அதட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே இல்லை.

"இது எங்க ஆளுகளுக்குப் போட்ட பாயிதான. பெஞ்சுல உங்க ஆளுக, பாயில எங்க ஆளுக. வாரது போறதெல்லாம் இந்தக் குட்ட வாசல் வழியா. மொதல்ல வேதத்துக்கு வந்தது எங்க ஆளுகதான் டீச்சர். இந்த எடமே அவுக குடுத்ததுதான். கெணறு தோண்டுனது, கல்லு சொமந்தது எல்லாம் அவுக. பொறவு உங்க ஆளுக வந்தாக. ஒரு கிறிஸ்மஸ் அன்னைக்கு எங்க ஆளு ஒருத்தரு போயி பெஞ்சுல உக்காந்துட்டாராம். பெரம்பால அடிச்சு வெளிய தள்ளிட்டாகளாம். அன்னைக்குப் போனவுகதான். எங்க தெருவுல இப்ப ஒருத்தரும் வேதத்துல இல்ல."

நான் வடக்கு வாசலைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற வாசல். மற்ற வாசலெல்லாம் யானை நுழைகிற உயரம். இது மட்டும் குனிந்து வருகிற உயரம். ஏன் என்று கணக்கு டீச்சர் ஒரு நாளும் கேட்கவில்லை.

"போகையில அவுக பாயச் சுருட்டாமப் போயிட்டாகளாம்," என்றாள். "என்னைக்காவது திரும்பி வருவாகன்னு யாரோ நல்ல மனுசரு விரிச்சுப் போட்டுட்டே இருக்காருன்னு எங்கம்மா சொல்லும். அது இருக்க வரைக்கும் நம்பித்தான் இருந்துச்சு."

பிறகு எதற்கு வந்தாள் என்று சொன்னாள். நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் தீப்பிடித்ததே, அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூட ஜன்னலெல்லாம் அதிர்ந்ததே, அதில் அவள் மகள் மாட்டிக்கொண்டாள். பத்தொன்பது வயது. கழுத்தும் வலது கையும் வெந்துபோய் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தங்கச்சியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு இவள் வேலைக்குப் போகிறாள், போகாவிட்டால் முடியாது. அடுத்த சனி கழித்துத் திங்கட்கிழமை தோல் வைத்துத் தைக்கப்போகிறார்கள். பிழைப்பாளா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், விரல்கள்தான் விரியவில்லை என்று பல நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. என் முன்னால் இருந்தவள் முகத்தில் வெள்ளிக்கு நடுவே இரண்டு கோடு மட்டும் கறுப்பாக இறங்கியிருந்தது.

"ஒரு ஓல குடுங்க டீச்சர். பிள்ள கையில கட்டணும்."

"இத்தன வாரமா வாரியே, நீயே ஒண்ணு பிச்சிருக்கலாம்ல?"

"கேக்காம எடுத்தா களவுல்ல? கோயில் ஆளு கையால குடுக்கணும். அதுக்குத்தான் யாராச்சும் வருவாகளான்னு பாத்துட்டே இருந்தேன்."

இரண்டு எட்டு நடந்து போய்க் குனிந்து ஒரு ஓலையைப் பிய்த்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் செய்யவில்லை. ஐயருக்குத் தெரியாமல் வெளியாளுக்குக் கொடுத்தால் நாளைக்குப் பேச்சாகும் என்ற பயம் ஒரு பக்கம். அதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். மீதி, எனக்கு ஆவேசம் வந்திருந்தது. இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு ஒரு துண்டு ஓலையா? சபை முழுக்க எழுந்து நின்று இவளிடம் தப்பு என்று சொல்ல வேண்டும், ஐயர் தன் கையால் கொடுக்க வேண்டும், அதை நான் நடத்திக் காட்ட வேண்டும். அப்படித்தான் மனசு எகிறியது.

"நாளைக்கே சபையில சொல்லுதேன். ஐயர் கையாலயே வாங்கித் தாரேன். அடுத்த சனிக்கிழமை வா," என்றேன்.

அவள் பாயை ஒரு தரம் பார்த்தாள். "சரி டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனாள். பாயில் இரண்டு கை பளபளத்தது.

நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, இது பொய் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றும் ஒரு ஆசை இருந்தது.

"தெரியும்," என்றார். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னது தெரியும்?"

"பாய் யாருக்குப் போட்டதுன்னு. நான் கமிட்டிக்கு வந்த அன்னைக்கே அப்பா சொல்லிட்டாக. ஆம்பளையாளுக பாதிப் பேருக்குத் தெரியும். பொம்பளைகளும் பிள்ளைகளும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே தூதருன்னு சொல்லி வச்சாக. சுருட்டிப் போட்டுட்டா ஏன் சுருட்டுனீகன்னு எவனாச்சும் கேப்பான்லா? அதான் விரிச்சே வச்சிருந்தாக."

என் அப்பா மடியில் என்னை வைத்துக்கொண்டு, பாப்பா, சத்தம் போடாதே, தூதர் எழுந்து போய்விடுவார் என்று காதோரம் சொல்வார். அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். பிள்ளை வேண்டி அந்தப் பாயில் நெற்றியை வைத்து நான் அழுதபோது, பெஞ்சுகளில் தலை குனிந்து ஜெபம் செய்த ஆண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை வருஷம் அவர்கள் எங்களை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

"அப்போ நாம என்ன செய்யணும்?" என்றேன்.

"நாம என்னத்தச் செய்ய? நீ உக்கார வச்சியா, நான் உக்கார வச்சனா? அடிச்சவன் யாரு, அடி வாங்குனவன் யாரு, எல்லாம் செத்துப் புல்லு மொளச்சிருச்சு. எவனோ செஞ்சதுக்கு நாம பதில் சொல்லணும்னா, எங்கன போயி நிப்பாட்டுவ?"

"அப்பா பேர்ல பள்ளிக்கூடத்துல கல்வெட்டு வச்சிருக்கீகளே அண்ணே, அது மட்டும் நம்மளுதா?"

"விதண்டாவாதம் பேசாத. கோயில் எடம் அவுகளது, சரி. இடிச்சுத் திருப்பிக் குடுத்துருவமா? உன் வேலைய ராஜினாமா பண்ணுதியா?"

எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு அதையேதான் யோசித்தேன். முன்னோர் பெற்ற ஆசீர்வாதம் என்றால் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கை நீட்டி வாங்கிக்கொள்கிறோம். முன்னோர் செய்த பாவம் என்றால் அவரவர் தனித்தனி ஆள் ஆகிவிடுகிறோம். இது என்ன கணக்கு? ஒரு பிள்ளை பரீட்சையில் இப்படி எழுதினால் நான் மார்க் போடுவேனா?

ஞாயிறு ஆராதனையில், அவரவர் பெற்ற நன்மையை எழுந்து சாட்சி சொல்கிற நேரம் வந்தது. நான் எழுந்தேன். வெள்ளித் தடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று எல்லோரும் ஆவலாகத் திரும்பினார்கள். அந்தத் தடம் அலுமினியப் பவுடர் என்றேன். யார் வந்து உட்கார்ந்தாள், ஏன் உட்கார்ந்தாள் என்று சொன்னேன். இது தூதர் பாய் இல்லை, நம்முடைய அசிங்கம், இந்த அசிங்கத்தைத்தான் இத்தனை நாளாகத் தொட்டு முத்திக்கொண்டிருக்கிறோம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஐயர் கையால் ஒரு ஓலை கொடுக்க வேண்டும், சபை அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன்.

ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை. பொய் என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பியிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக முன்பக்கம் திரும்பிக்கொண்டன. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதை யாரோ அமர்த்தினார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆர்கன் வாசிக்கிறவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார், எல்லோரும் எழுந்து நின்று வாய் திறந்து பாடினார்கள். அத்தனை நன்றாக எங்கள் சபை பாடி நான் கேட்டதே இல்லை.

ஐயர் வெளியூர்க்காரர், சின்ன வயது. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா சொன்னீங்க டீச்சரம்மா. கமிட்டியில வச்சுப் பேசி நல்லது செய்வோம்," என்றார். நானும் நம்பினேன். சொன்னதோடு பெரிய காரியம் முடிந்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை மறைப்பானேன். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது கோயிலுக்குப் பின்னால் புகை தெரிந்தது. வேப்பஞ்சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே கோயிலுக்குப் போனேன். பாய் இல்லை. வடக்கு மூலையில் சிவப்புச் சிமெண்டுத் தரை சுற்றிலும் கால் பட்டுத் தேய்ந்து வெளுத்திருந்தது. பாய் கிடந்த அளவுக்கு மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தது. பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில்குட்டி என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார்.

"எரிக்கச் சொல்லிட்டாக டீச்சர்," என்றார். "எனக்கு மனசே இல்ல. தீ வச்சதும் கம்பி மத்தாப்புக் கணக்கா வெள்ளை வெள்ளையாப் பூப் பூவாப் பொரிஞ்சிச்சு. உள்ள யாரோ இருந்து ஊதுத மாதிரி. நான் பயந்து நாலடி பின்னால ஓடிட்டேன்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் அமைதியாகத்தான் பேசினார்.

"நீதானத்தா அத்தன பேருக்கு முன்னால அசிங்கம்னு சொன்ன? அசிங்கம்னு தெரிஞ்ச பொறவு அதைக் கோயிலுக்குள்ள வச்சிருப்பாகளா? ஐயரும் சரின்னுட்டாரு. இனி இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே எவனும் சொல்ல முடியாது. நல்ல காரியம்தான் செஞ்ச."

மணி மூன்றரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். கோயிலுக்குப் பின்னால் ஓடினேன். சாம்பல் ஒரு குவியலாகக் கிடந்தது. டீச்சர் என்ற கௌரவமெல்லாம் போய், குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கிளறினேன். ஒரு விரற்கடை ஓலையாவது மிஞ்சியிருக்காதா? ஒன்றுமில்லை. அடியில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. இரண்டு நாள் ஆகியும் சூடு!

அடுத்து நான் செய்ததை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு விரிக்கிற புது ஓலைப்பாய் ஒன்று ஐயர் அங்கி மாட்டுகிற அறையில் உண்டு. அதிலிருந்து ஒரு ஓலையைப் பிய்த்தேன். மஞ்சளாக இருந்தது. சாம்பலில் போட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்தேன். கறுக்கும் வரைக்கும் தேய்த்தேன். பாவம், அவளுக்கு ஆறுதல்தானே வேண்டும், எதுவானால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் அப்பாவும் அவர் அப்பாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வடக்கு வாசலில் குனிந்து அவள் உள்ளே வந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. வேலைக்குப் போகாமல், குளித்து, வெளுத்த சேலை கட்டி, தலை படிய வாரியிருந்தாள். ஐயர் கையால் வாங்கப் போகிறாள் அல்லவா! கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். நகத்தோரம் மட்டும் போகவில்லை. ஓலையை முடிய மஞ்சள் நூலும் கொண்டுவந்திருந்தாள். அவள் முதலில் பார்த்தது என்னை இல்லை, மூலையை.

"பாயி எங்க டீச்சர்?"

"வெளுக்கப் போட்டிருக்கு," என்றேன். "ஐயர் அவசர வேலையாப் போயிட்டாரு. உனக்குன்னு ஜெபம் பண்ணி என்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு." ஓலையை நீட்டினேன்.

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நூலில் முடிவதற்காக விரலால் நீவினாள். சாம்பல் விரலில் வந்தது. கீழே மஞ்சள் தெரிந்தது. இன்னொரு தரம் நீவிப் பார்த்தாள். முந்தானையால் நுனி வரைக்கும் நிதானமாகத் துடைத்தாள். புது ஓலை பச்சை வாசனையோடு அவள் கையில் கிடந்தது.

என் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் சாம்பல் அப்பியிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

"எரிச்சிட்டாகளா?" என்றாள்.

ஆமாம் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றேன். எங்கள் முன்னோர் செய்தது தப்பு, சபை செய்தது தப்பு, சபையார் எல்லாருக்காகவும் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் அழவில்லை. ஓலையை என் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"அவுகளையெல்லாம் எதுக்கு டீச்சர் இழுக்கீக?" என்றாள். "கேட்ட அன்னைக்கே ஒண்ணு பிச்சுக் குடுத்திருக்கலாம்ல. இங்கன நீங்க மட்டும்தான இருந்தீக."